ஒரு ரயில் பாதை, ஒரு குறிப்பு நோட்டு: பிராங்கன் ஊர் பீரில் உங்களுக்குப் பிடித்ததைக் கண்டுபிடிப்பது எப்படி

ஜெர்மனிக்கு வந்து இறங்கிய முதல் வாரத்தில் நம் ஆட்கள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு: சூப்பர் மார்க்கெட்டில் பீர் அலமாரிக்கு முன்னால் போய் வாயைப் பிளந்து நிற்பது. தண்ணீர் பாட்டில் விலையை ஒட்டி பீர் விற்கிறான் பார் என்று ஊருக்கு ஒரு படத்தை அனுப்பிவிட்டு, ஏற்கெனவே பெயர் தெரிந்த பெரிய பிராண்டு எதையாவது கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். எர்லாங்கனில் வேலைக்குச் சேர்ந்து முதல் ஒன்றரை வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். நான் குடியிருந்த ஊரிலிருந்து அரை மணி நேர ரயில் தூரத்துக்குள் எத்தனை பீர் காய்ச்சும் வீடுகள் இருந்தன என்பது தெரியாமலேயே!

இது பவேரியாவின் வடக்குப் பகுதியான பிராங்கனைப் பற்றிய குறிப்பு. நூரன்பெர்க், எர்லாங்கன், ஃபோர்ஹைம், பாம்பெர்க், பைரூய்ட் எல்லாம் இதில்தான் வருகின்றன. இந்த ஒரு வட்டாரத்தில் மட்டும் 200க்கும் மேற்பட்ட பீர் ஆலைகள் இருக்கின்றன. ஆலை என்றவுடன் பெரிய புகைபோக்கியையும் லாரி வரிசையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பாதிக்கு மேல் ஒரு குடும்பம் நடத்துகிற சாப்பாட்டுக் கடை, பின்கட்டில் கொப்பரை, அவ்வளவுதான். அங்கே காய்ச்சுவது பெரும்பாலும் அந்த ஊரிலும் பக்கத்து இரண்டு மூன்று ஊரிலுமே தீர்ந்துவிடும். கடைக்கு வராது, ஏற்றுமதி ஆகாது. அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது, நாம்தான் போக வேண்டும். எப்படிப் போவது, போய் என்ன கேட்பது, எதை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு ரயில் பாதை

தரவரிசைப் பட்டியல்களையும் மதிப்பெண் போடும் செயலிகளையும் ஆரம்பத்தில் தூர வையுங்கள். அவற்றில் எப்போதும் அடர்த்தியான, மதுச்சத்து அதிகமான, வித்தியாசமான பீர்கள்தான் மேலே நிற்கும். ஒரு கிராமத்துக் கடையின் சாதாரண பீர், அதுவும் தினமும் உள்ளூர்க்காரர் குடிக்கிற பீர், அந்தப் பட்டியலில் நடுவில் எங்கோ கிடக்கும். ஆனால் பிராங்கனின் உயிரே அந்தச் சாதாரண பீர்தான்.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு ரயில் பாதையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அதை ஒரு கோடை முழுவதும் விடாதீர்கள். என் பாதை எஸ்1 என்கிற புறநகர் ரயில். நூரன்பெர்க்கில் ஏறினால் ஃபியூர்ட், எர்லாங்கன், ஃபோர்ஹைம், புட்டன்ஹைம், ஹிர்ஷைட் வழியாக பாம்பெர்க் வரை போகும். ஏறக்குறைய ஒவ்வொரு நிறுத்தத்திலும் நடை தூரத்தில் ஏதாவது ஒரு கொப்பரை இருக்கிறது. நூரன்பெர்க்கில் பழைய நகரத்துக்கு அடியில் பாறையைக் குடைந்த நிலவறைகள் கிடக்கின்றன. பீர் காய்ச்சி விற்கிறவன் சொந்தமாக ஒரு நிலவறை வைத்திருக்க வேண்டும் என்று 1380லேயே நகரசபை உத்தரவு போட்டிருக்கிறது. அந்த ஊரின் சிவப்பு பீரான ரோட்பியரை இன்றும் கோட்டைக்குக் கீழே இருக்கும் ஆல்ட்ஷ்டாட்ஹோஃபில் காய்ச்சுகிறார்கள். எர்லாங்கனில் ஷ்டைன்பாஹ். ஃபோர்ஹைமில் ஹெபன்டன்ஸ், நேடர், கிரைஃப், ஐஹ்ஹார்ன் என்று நான்கு. புட்டன்ஹைமில் ஒரே தெருவில் இரண்டு: சங்க்ட் கியோர்கன், லோவன்பிராய். நம்மில் பலர் மாட்டிக்கொண்டு திரியும் லீவைஸ் ஜீன்ஸின் லீவை ஸ்ட்ராஸ் 1829ல் பிறந்தது இந்தப் புட்டன்ஹைமில்தான், பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். மனைவியை அழைத்துக்கொண்டு போக இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா?

ரயிலை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கார் எடுத்துக்கொண்டு போனால் இந்த விஷயமே நடக்காது. இங்கே காருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 புரோமில் (ஆயிரத்தில் 0.5 பங்கு) வரைதான் அனுமதி, 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் புது லைசென்ஸ்காரர்களுக்கும் பூஜ்யம். சைக்கிள்தானே என்றும் நினைக்காதீர்கள், 1.6ஐத் தாண்டினால் அதுவும் குற்ற வழக்கு, கார் லைசென்ஸே போகலாம். மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருந்தால் இந்தப் பாதை முழுவதும் அதிலேயே அடங்கிவிடும். இல்லையென்றால் இந்த வட்டாரப் போக்குவரத்து அமைப்பான வி.ஜி.என்.னின் நாள் சீட்டில் பிளஸ் வகையை வாங்குங்கள். இரண்டு பெரியவர்கள் பிள்ளைகளோடு போகலாம், சனிக்கிழமை வாங்கினால் ஞாயிறும் செல்லும்.

போவதற்கு முன்னால் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று: ரூஹெடாக், அதாவது வார விடுமுறை. ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு நாள். கூகுளில் திறந்திருக்கிறது என்று போட்டிருந்ததை நம்பி, நண்பர்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு, பஸ் இல்லாத ஒரு கிராமத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் நடந்து போய்ச் சேர்ந்தால் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. குடும்ப விசேஷம், இன்று விடுமுறை. திரும்பி வரும் வழியில் யாரும் என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து எங்கே போனாலும் காலையில் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். உடைந்த ஜெர்மனில் கேட்டாலும் பதில் சொல்வார்கள்.

கடைக்குள் நுழைந்த பிறகு

கதவைத் திறந்ததும் உள்ளே இருக்கிற எல்லாத் தலையும் ஒரு விநாடி நம் பக்கம் திரும்பும். நம் நிறத்துக்காக மட்டும் இல்லை, வெளியூர்க்காரன் யார் வந்தாலும் இதே பார்வைதான், பக்கத்து ஊர்க்காரனுக்கும் கிடைக்கும். ஒரு "கிரூஸ் காட்" சொல்லுங்கள், தலைகள் திரும்பிக்கொள்ளும். யாரும் இடம் காட்ட மாட்டார்கள், காலியாகத் தெரிகிற மேஜையைப் பார்த்து நாமே உட்கார வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிற நீள மேஜையிலும் உட்காரலாம், "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை" (இங்கே இடம் இருக்கிறதா) என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஷ்டாம்டிஷ் என்று பலகை வைத்த மேஜை மட்டும் வேண்டாம். அது நம் ஊர் டீக்கடை பெஞ்சு மாதிரி, முப்பது வருஷமாக அதே ஆட்கள் அதே இடத்தில் உட்காருகிறார்கள்.

கேட்கும்போது "ஒரு பீர்" என்று கேட்டாலே அந்த வீட்டின் முக்கியமான பீர் வந்துவிடும். அரை லிட்டருக்கு இங்கே ஸைட்லா என்று பெயர். சிறியது வேண்டுமென்றால் பல கடைகளில் கால் லிட்டரோ 0.3ஓ கிடைக்கும், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பரிமாறுகிற அம்மா உங்கள் கிளாஸுக்கு அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அதுதான் பில், அதைக் கிழித்து விளையாடிவிடாதீர்கள். கார்டு எல்லா இடத்திலும் செல்லாது, கையில் காசு இருக்கட்டும்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை, குறிப்பாகச் சைவக்காரர்களுக்கு. க்ளோஸ் மிட் சோஸ் என்று ஒன்று இருக்கும், உருளைக்கிழங்கு உருண்டையும் குழம்பும் மட்டும்தானே என்று வாங்கிவிடாதீர்கள். அந்தக் குழம்பு பன்றி வறுவலில் இறங்கிய சாறு. நம்பிக் கேட்கக்கூடியது கெருப்ஃப்டர், மசித்த சீஸில் வெண்ணெய், வெங்காயம், மிளகாய்த்தூள் போட்டுப் பிசைந்தது, ரொட்டியோடு வரும். ஸீபெலெஸ்கேஸ் என்று தயிர்ப் பாலாடையில் வெங்காயம் போட்டதும் உண்டு. நமக்கு அது கிட்டத்தட்ட வெங்காயப் பச்சடி.

கெல்லர்: நிலவறைக்கு மேலே

பிராங்கன்காரர்கள் கெல்லருக்கு "உள்ளே" போக மாட்டார்கள், கெல்லர் "மேல்" போவார்கள். கெல்லர் என்றால் நிலவறை. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் பீரை மலைச்சரிவில் குடைந்த நிலவறையில் வைத்துப் புளிக்கவிட்டு முதிரச் செய்தார்கள். பவேரியாவில் 1553ல் வந்த சட்டப்படி ஏப்ரல் 23க்குப் பிறகு செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே கூடாது, வெயிலில் கெட்டுப்போகும் என்பதால். ஆக கோடைக்கு வேண்டியதை முன்னாலேயே காய்ச்சிச் சேர்த்து வைக்க வேண்டும். நிலவறைக் கூரை சூடாகாமல் இருக்க மேலே பாய்ந்து படர்கிற, வேர் ஆழம் போகாத செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். மரம் இருந்தால் நிழல், நிழல் இருந்தால் பெஞ்சு. அப்படித்தான் பியர்கார்ட்டன் பிறந்தது.

ஃபோர்ஹைம் நகரத்துக்கு வெளியே கெல்லர்வால்ட் என்று ஒரு காடே இருக்கிறது, சரிவு முழுக்க நிலவறைகள், மேலே பெஞ்சுகள். ஜூலைக் கடைசியில் அன்னாஃபெஸ்ட் நடக்கும்போது போகாதீர்கள், பீரை ருசி பார்க்கிற இடமாக அது அப்போது இருக்காது. எர்லாங்கனில் பெந்தெகொஸ்தே சமயத்தில் நடக்கும் பெர்க்கியர்ஹ்வை திருவிழாவும் அப்படித்தான், 1755லிருந்து நடக்கிற நல்ல திருவிழா, ஆனால் ஒரு லிட்டர் குவளையோடு பெஞ்சு மேல் ஏறி நிற்கிற கூட்டத்தில் நாக்குக்கு என்ன வேலை? சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்கள்.

இங்கே சொல்லியே ஆக வேண்டிய சந்தோஷமான விஷயம்: பியர்கார்ட்டனுக்கு நம் சாப்பாட்டை நாமே கொண்டுபோகலாம். மேஜைவிரிப்பு இல்லாத, நாமே போய் வாங்கிக்கொள்கிற பகுதியில் உட்கார்ந்தால் பானம் மட்டும் அங்கே வாங்கினால் போதும். பவேரிய வழக்கமே இதுதான், 1999ல் அரசாணையிலும் ஏறிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் கூடையில் ரொட்டி, முள்ளங்கி, சீஸ் கொண்டுவந்து துணி விரித்து அடுக்குவார்கள். நாங்கள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோவோம். வடிகட்டாத கெல்லர்பியருக்கும் எலுமிச்சை சாதத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம்; தாளித்த கடலைப்பருப்பு பல்லில் கடிபடும்போது ஒரு வாய் பீர் உள்ளே போனால் மால்ட்டின், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின், இனிப்பு தனியாகத் தெரியும். ஒருமுறை பக்கத்து மேஜைப் பாட்டி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி கொடுத்தோம். பச்சை மிளகாயைப் பீன்ஸ் என்று நினைத்து முழுசாகக் கடித்துவிட்டு, கண்ணில் நீரோடு தன் குவளையைக் காலி செய்துவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டார்.

கெல்லரில் பீர் கல் குவளையில் வரும். அழகுக்கு மட்டும் இல்லை. கல் சூட்டைத் தடுக்கும், வெளிச்சத்தையும் தடுக்கும். கசப்புக்காகப் போடுகிற ஹாப்ஸ் பூ சேர்ந்த பீர் வெயிலில் சில நிமிஷம் நின்றாலே ஒரு துர்நாற்றம் கிளம்பும், பீர் பாட்டில்கள் பழுப்பு நிறத்தில் இருப்பதும் இதனால்தான். கண்ணாடிக் கிளாஸ் கொடுத்தால் மர நிழலுக்குள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பெர்க்: எதிரெதிர்க் கடைகள்

எஸ்1இன் கடைசி நிறுத்தம். உலகப் பாரம்பரியச் சின்னமாக 1993ல் அறிவிக்கப்பட்ட பழைய நகரம், எழுபத்தைந்தாயிரத்தை ஒட்டிய மக்கள் தொகை, அதற்குள்ளேயே பத்துப் பதினொரு பீர் ஆலைகள். நான் முதல் தடவை போனபோது எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொண்டு போய், நான்காவது கடையில் என்ன குடித்தேன் என்பதே நினைவில்லாமல் திரும்பினேன். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5 சதவீத பீர் அரை லிட்டரில் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. மூன்று குடித்தபின் நாக்கு வேலை செய்யாது, வாய் மட்டும்தான் வேலை செய்யும். ஒரு நாளைக்கு இரண்டு கடை போதும், இடையில் ஒரு சோடாத் தண்ணீர்.

பாம்பெர்க்கில் எந்த இரண்டு என்று தேர்ந்தெடுப்பது சுலபம், ஏனென்றால் அந்த ஊர் நமக்காகவே ஜோடி ஜோடியாகக் கடை வைத்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஓபரே கோனிக்ஷ்ட்ராஸே. தெருவின் ஒரு பக்கம் ஷ்பெட்சியால், 1536லிருந்து. நேர் எதிரில் ஃபெஸ்லா, 1649லிருந்து. ஷ்பெட்சியாலில் இலேசான புகை வாசம் கொண்ட செம்பழுப்பு பீர். ஃபெஸ்லாவில் புகையே இல்லாத பொன்னிற லாகர். ஒன்றைக் குடித்துவிட்டு ரோட்டைக் கடந்து மற்றதைக் குடித்தால், புகை என்ன செய்கிறது என்பது எந்தப் புத்தகமும் சொல்லாத தெளிவோடு புரிந்துவிடும். இன்னொரு நாள் வுண்டர்பூர்க் பக்கம் போனால் மார்ஸும் கேஸ்மனும் இதே மாதிரி அருகருகே. மார்ஸில் "ஆ ஊ" என்று கேளுங்கள். ஊ என்பது ஊன்கெஷ்புண்டட்டின் முதல் எழுத்து, பீப்பாய்க்கு அடைப்பு இறுக்காமல் முதிர வைத்தது என்று அர்த்தம். வாயு பெரும்பாலும் வெளியேறிவிடுவதால் வயிறு உப்பாது, தொண்டையில் சுருக்கென்று குத்தாது, மெத்தென்று இறங்கும். கேஸ்மனில் அதற்கு நேர்மாறாக, கசப்பு கூர்மையான பில்ஸ்.

ஷ்லெங்கெர்லாவைக் கடைசிக்கு வையுங்கள். டொமினிகானர்ஷ்ட்ராஸேயில், கதீட்ரல் குன்றுக்குக் கீழே, மரச்சட்ட வீடு. 1405லேயே ஏட்டில் பெயர் இருக்கும் இடம். இங்கே மால்ட்டை பீச் மர விறகு நெருப்பில் உலர்த்துகிறார்கள். பழைய காலத்தில் விறகில் உலர்த்திய மால்ட் எல்லாவற்றுக்குமே புகை வாசம் இருந்தது. புகை படாமல் சூடு மட்டும் கொடுக்கிற உலர்த்திகள் வந்ததும் ஊரே மாறிக்கொண்டது, இவர்களும் ஷ்பெட்சியாலும் மாறவில்லை. மரப் பீப்பாயிலிருந்து பம்பு எதுவும் இல்லாமல் தானாக இறங்குகிற பீர், கிட்டத்தட்ட கறுப்பு, மேலே வெளிர்பழுப்பு நுரை. முதல் வாயில் நம்மவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! உள்ளூரில் இதைப் புகையிட்ட பன்றிக்கறி என்பார்கள். எனக்கு அது எங்கள் ஆயா வீட்டு விறகடுப்பு. மழை நாளில் ஈர விறகு புகைந்து புகைந்து கடைசியில் கொதித்து வருகிற பால், அந்தப் பாலில் ஏறியிருக்குமே ஒரு வாசம், அதேதான். முதல் கிளாஸில் பிடிக்காவிட்டாலும் விட்டுவிடாதே என்று கடையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு இரண்டாவது தடவை போனபோதுதான் பிடித்தது. பயமாக இருந்தால் அவர்களுடைய வெளிர்நிற பீரான ஹெல்லஸில் தொடங்கலாம். அதில் புகை மால்ட்டே கிடையாது, ஆனால் அதே கொப்பரையில் அதே ஈஸ்ட்டோடு காய்ச்சுவதால் புகை ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

நோட்டில் எழுதுவது

இதுதான் என் கணக்கில் முக்கியமான பகுதி. ருசி பார்த்ததை எழுதி வைக்காவிட்டால் பிடித்த பீர் என்று ஒன்று உருவாகவே உருவாகாது, எல்லாம் கலங்கி "நல்லா இருந்துச்சு" என்ற ஒற்றை வார்த்தையில் போய் நிற்கும். சின்ன நோட்டு போதும். தேதி, ஊர், பெயர், அப்புறம் மூன்று வரி: வாசம் எதைப் போல, வாயில் என்ன, விழுங்கின பிறகு என்ன மிச்சம்.

அந்த மூன்று வரியைத் தமிழில் எழுதுங்கள். பாட்டிலின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிற டாஃபி, பிஸ்கட், பைன் மரம், எல்டர் பூ எல்லாம் யாரோ ஒருவரின் சின்ன வயசு ஞாபகம். எல்டர் பூவை நான் முகர்ந்ததே இல்லை, பிறகு அந்தச் சொல்லை நோட்டில் எழுதி என்ன பிரயோஜனம்? என் நோட்டில் இருப்பது இப்படி. ஹெல்லஸ்: சோறு வடித்த கஞ்சியின் மெல்லிய தித்திப்பு. கெல்லர்பியர்: தோசைக்கல்லில் முறுகின ஓரம். நல்ல பில்ஸ்: முதலில் ஒன்றுமில்லை, விழுங்கினபின் சுண்டைக்காய் வத்தல். கோதுமை பீரான வைட்ஸன்: நன்றாகப் பழுத்த ரஸ்தாளி, கூடவே ஒரு கிராம்பு, இது என் கற்பனை இல்லை, அந்த ஈஸ்ட் உண்மையிலேயே வாழைப்பழத்தில் இருக்கிற அதே வாசப் பொருளையும், கிராம்பைப் போலவே மணக்கிற இன்னொன்றையும் உண்டாக்குகிறது. இலையுதிர் காலத்தில் வருகிற, மதுச்சத்து கூடின போக் பீர்: கருப்பட்டிப் பாகு, பதம் தப்பி கொஞ்சம் முறுகியது. குறைகளையும் எழுதுங்கள். உருக்கின வெண்ணெய் வாசம் தூக்கலாக அடித்தால் சரியாக முதிரவிடாமல் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். புளித்த மோர் மாதிரி இருந்தால் பெரும்பாலும் குழாயைக் கழுவவில்லை.

இருபது பக்கம் நிறைந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முதலிலிருந்து படியுங்கள். திரும்பத் திரும்ப வருகிற வார்த்தையைப் பாருங்கள். நான் என்னைக் கசப்புக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், காபியைக் கூட சர்க்கரை இல்லாமல்தான் குடிப்பேன். நோட்டில் நான் இரண்டு நட்சத்திரம் போட்ட எல்லாப் பக்கத்திலும் "முறுகின ஓரம்" இருந்தது. எனக்குப் பிடித்தது வாயு குறைந்த, அம்பர் நிறக் கெல்லர்பியர் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு புது ஊருக்குப் போனால் நேராக அதையே கேட்கிறேன், கிடைக்காத இடத்தில்தான் பரிசோதனை.

ஒரு பயணம் தள்ளிப் போனால்: ஸோய்கல்

எஸ்1 பழகிவிட்டதா? ஒரு நாள் கிழக்கே ஓபர்ஃபால்ஸ் வட்டாரத்துக்கு ரயில் ஏறுங்கள். இது பிராங்கன் இல்லை, பக்கத்து வட்டாரம். வைடனில் மாறி வின்டிஷெஷன்பாஹ் என்ற சின்ன ஊரில் இறங்க வேண்டும். அங்கே நடக்கிற விஷயம் வேறு எங்கேயும் நான் பார்க்காதது.

ஊருக்குப் பொதுவாக ஒரு காய்ச்சுகிற வீடு, அடியில் விறகு எரிகிற கொப்பரை. காய்ச்சுகிற உரிமை ஆளுக்கு இல்லை, சில குறிப்பிட்ட வீடுகளுக்கு. உரிமை உள்ள குடும்பம் பொதுக் கொப்பரையில் காய்ச்சி, புளிக்காத அந்தச் சாற்றைத் தொட்டியில் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், தன் நிலவறையில் தன் கைப்பக்குவத்தில் புளிக்க வைக்கும். ஒரே கொப்பரை, ஆனால் வீட்டுக்கு வீடு ருசி வேறு. பிறகு நம் ஊர் ஸ்டோர் வீடுகளில் முறைவாசல் வருமே, அதே மாதிரி முறை வைத்து, இந்த வாரம் இந்த வீடு, அடுத்த வாரம் அந்த வீடு என்று தங்கள் வீட்டுக் கூடத்தையே சில நாட்கள் திறந்து விடுவார்கள். முறை வந்த வீட்டு முன்னால் ஒரு கம்பில் ஆறு முனை நட்சத்திரம் தொங்கும். ஸோய்கல் என்ற சொல்லே அடையாளம் என்ற அர்த்தத்திலிருந்து வந்ததுதான். எந்த வாரம் யார் வீடு என்று வருஷ நாட்காட்டியே போடுகிறார்கள், அதைப் பார்க்காமல் போனால் நட்சத்திரத்தைத் தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டியதுதான். பக்கத்து மேஜையில் யார் வேண்டுமானாலும் உட்காருவார்கள், பேச்சு தானாக வரும். அங்கே நோட்டை எடுக்காதீர்கள், வரித்துறை ஆள் என்று நினைத்துவிட்டார்கள் என்னை ஒருமுறை. ரயிலில் திரும்பும்போது எழுதிக்கொள்ளுங்கள்.

கால் வலு உள்ளவர்களுக்கு இன்னொன்று. ஔஃப்ஸெஸ் என்று ஒரு பஞ்சாயத்து, ஆயிரத்து சொச்சம் பேர், நான்கு பீர் ஆலைகள்; தலைக்கு இத்தனை ஆலை என்ற கணக்கில் 2000ல் கின்னஸ் பதிவே வாங்கியது. நான்கையும் இணைத்து 13, 14 கிலோமீட்டர் நடைபாதை போட்டிருக்கிறார்கள். பஸ் அரிது, திரும்பும் வழியை முன்கூட்டியே பார்த்து வைத்துவிட்டு மட்டும் போங்கள்.

கொலோன் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு பத்தி

நீங்கள் ஜெர்மனியின் மேற்கே அந்தப் பக்கம் இருந்தால் முறை தலைகீழ். கொலோனில் அந்த ஊர் பீரான கோல்ஷ், 0.2 லிட்டர் குச்சிக் கிளாஸில் வரும். கிளாஸ் காலியானதும் கோபெஸ் என்கிற பரிமாறுபவர் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டுக் கோடு போட்டுவிட்டுப் போவார், போதும் என்றால் அட்டையைக் கிளாஸ் மேல் மூடுங்கள், நம் ஊரில் இலையை மடிப்பதுபோல. நாற்பது கிலோமீட்டர் தள்ளி டூஸல்டோர்ஃபில் செம்பழுப்பு ஆல்ட், கசப்பு தூக்கல். ஊரிகே, ஷூமாஹர், ஃபியூக்ஷென், ஷ்லூஸல் நான்கும் பார்க்க வேண்டியவை. ஒரு ஊரில் இருந்துகொண்டு இன்னொரு ஊர் பீரைக் கேட்காதீர்கள், சிரித்துக்கொண்டே திட்டுவார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தால்

கெட்ரேங்கெமார்க்ட் என்கிற பானக் கடைகளில் உள்ளூர் ஆலைகளின் பாட்டிலை ஒன்றொன்றாகவும் எடுக்கலாம், பெட்டியாக வாங்கத் தேவையில்லை. பாட்டிலுக்கு 8 சென்ட், மூடியை மடக்கித் திறக்கிற பாட்டிலுக்கு 15 சென்ட் வைப்புத்தொகை பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். வடிகட்டாத பீருக்கு ஆயுசு குறைவு, தேதியைப் பார்த்து வாங்கி, நிற்க வைத்து, இருட்டில் குளிராக வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் கழித்துத் திறங்கள், பல் கூசுகிற குளிரில் எல்லாப் பீரும் ஒன்றுதான். கிளாஸில் சோப்பு வாசமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் நுரை நிற்காது. சாம்பார்க் கிண்ணத்தோடு சேர்த்துக் கழுவின கிளாஸை ஒருமுறை வெறும் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு, ஈரத்தோடே ஊற்றுங்கள். வைட்ஸன் என்றால் கடைசி இரண்டு விரல்கடை பாட்டிலிலேயே இருக்கும்போது ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் தங்கின ஈஸ்ட்டையும் கிளாஸில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, கடையில் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது. ரயிலுக்கு இருபது நிமிஷம்தான் இருக்கிறது, முழு ஸைட்லா அதிகம், ஆனால் எழுந்து போகவும் மனசில்லை என்றால் ஒரு ஷ்னிட் கேளுங்கள். அதே குவளையில் வேகமாகத் திறந்துவிட்டு நுரையும் பீருமாகப் பாதி நிரப்பித் தருவார்கள், பாதி விலைதான். கடைசி வாய்க்கென்றே இருக்கிற அளவு அது. குடித்துவிட்டு அட்டையிலிருக்கிற கோடுகளை எண்ணிக் காசு வையுங்கள், ஷ்பெட்சியாலிலோ ஃபெஸ்லாவிலோ இருந்தால் பாம்பெர்க் ஸ்டேஷன் அங்கிருந்து பத்து நிமிஷம்.